படத்து யானையும் பிடி யானையும்

யானை என்றால் குழந்தைகளுக்கு எத்தனை ஆசையோ அத்தனை ஆசை பழைய காலத்துத் தேசப்படக்காரர்களுக்கும் இருந்திருக்கிறது. முந்நூறு நானூறு வருஷங்களுக்கு முன்னால் ஐரோப்பாவில் அச்சான ஆசியா, ஆப்பிரிக்காப் படங்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கடற்கரை ஓரமாக ஊர்ப் பெயர்கள் விளக்கைச் சுற்றிய ஈசலைப் போல மொய்த்துக் கிடக்கும். கரையை விட்டு உள்ளே போகப் போக ஈசல் குறையும். நடுநாட்டுக்கு வந்தால் பெயர் ஒன்றும் இராது; சாவகாசமாக ஒரு யானை நின்றுகொண்டிருக்கும். பக்கத்திலே ஒரு சிங்கம். கொஞ்சம் தள்ளி, பனையா ஈச்சையா என்று தீர்மானிக்க முடியாத ஒரு மரம். அதன் அடியில் குடை நிழலில் ஒரு ராஜா. படம் போட்டவருக்கு அந்தப் பக்கத்தில் என்ன ஊர் இருக்கிறது என்று தெரியாது என்பதே இவ்வளவுக்கும் அர்த்தம். ஊர் அகப்படாத இடத்தை யானையைக் கொண்டு அடைக்கிறார்கள் என்று ஆங்கில ஆசிரியர் ஜோனதன் ஸ்விப்ட் 1733-லேயே இந்தக் கூட்டத்தைக் கிண்டல் செய்துவிட்டார்.

கிண்டல் நியாயமானதுதான். ஆனாலும் அந்த யானைக்காகத்தான் இன்றைக்கும் மனிதர்கள் அந்தப் படங்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். சரியான படம் வேண்டுமென்றால் சட்டைப்பையில் இருக்கும் டெலிபோனிலேயே இருக்கிறது; தெருக்கோடி டீக்கடை வரையில் பிசகாமல் காட்டுகிறது. அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டவேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

அலங்காரப் படங்களின் நல்ல காலம் 16, 17-ஆம் நூற்றாண்டுகள். அதன் தலைநகரம் முதலில் ஆண்ட்வெர்ப், பிறகு ஆம்ஸ்டர்டாம். 1570-ல் ஆண்ட்வெர்ப் நகரத்து ஆப்ரஹாம் ஆர்ட்டீலியஸ் என்பவர் 53 தாள்களில் உலகத்துத் தேசங்களை எல்லாம் ஒரே அளவில் அச்சிட்டு, ஒரு புத்தகமாகக் கட்டி, ‘உலக அரங்கம்’ என்று பெயர் வைத்து வெளியிட்டார். மனுஷர் கப்பலேறி நாடு கண்டவர் அல்ல. படங்களுக்கு வர்ணம் தீட்டுகிற தொழிலில் ஆரம்பித்து, படம் விற்று, பிறகு படம் போட்டவர். ஆகவே கண்ணுக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய கிழக்கிந்தியப் படத்தில் நிலத்துக்குச் சமமாகக் கடலிலும் விசேஷம் உண்டு. கடற்கன்னிகள் இருக்கிறார்கள். பெரிய மீன்கள் நீரைப் பீச்சி அடித்துக்கொண்டு ஒரு கப்பலின்மேல் பாய்கின்றன. கப்பலில் இருப்பவர்கள் தப்பினார்களா இல்லையா என்ற கவலையில், இந்தியா எங்கே இருக்கிறது என்று பார்க்க மறந்துவிடுகிறோம்.

செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். மழமழவென்று தேய்த்த தாமிரத் தகட்டில் ஒவ்வொரு எழுத்தையும் இடம் வலம் மாற்றிச் செதுக்குவார்கள். மையைப் பூசித் துடைத்தால் கீறலில் மட்டும் மை தங்கும். நனைத்த காகிதத்தை மேலே போட்டு உருளைக்கு நடுவே அழுத்தி எடுத்தால் படம் வந்துவிடும். தகட்டின் விளிம்பு காகிதத்தில் ஒரு பள்ளமாகப் பதிந்திருக்கும். இன்றைக்கும் விரலால் தடவிப் பார்த்து அசல், நகல் சொல்கிறார்கள். வர்ணமெல்லாம் கைவேலை. பச்சை மட்டும் தாமிரக் களிம்பில் செய்தது. அது நாளாவட்டத்தில் காகிதத்தையே தின்றுவிடும். தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் பச்சை இருந்த இடமெல்லாம் பழுப்பாகத் தெரியும். பழம்படம் வாங்குகிறவர் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்தப் பழுப்பைத்தான். நேற்றுத் தீட்டிய வர்ணத்துக்கு அது வாய்ப்பதில்லை. இன்னொரு சமாசாரம் மனசுக்குக் கஷ்டமானது: நாம் சுவரில் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை முழுப் புத்தகங்களைப் பிரித்துப் போட்டு எடுத்தவை. புத்தகமாக விற்றால் ஒருவர் வாங்குவார். தாள் தாளாக விற்றால் ஐம்பது பேர் வாங்குவார்கள். கடைக்காரருக்குக் கணக்குத் தெரியும்.

ஆம்ஸ்டர்டாமில் யோவான் பிளாவ் என்பவர் 1662-ல் லத்தீன் பாஷையில் 11 பாகங்களாக ஒரு பேரட்லஸ் போட்டார். அந்த நூற்றாண்டில் விலைக்கு வந்த அச்சுப் புத்தகங்களிலேயே விலை கூடியது அதுதான் என்பார்கள். இதே பிளாவ்தான் 1638 முதல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதிகாரபூர்வமான படக்காரர். கம்பெனிக்கு அவர் செய்து கொடுத்த மாலுமிப் படங்கள் வேறு ஜாதி. தோலில் கையால் வரைந்தவை, ரகசியமானவை, யாத்திரை முடிந்ததும் மாலுமி அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவற்றில் எங்கே பாறை, எங்கே மணல்திட்டு, எங்கே எத்தனை ஆழம் என்பதுதான் இருக்கும். யானையும் கடற்கன்னியும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. நம் வீடுகளில் ரவிவர்மா படம் மாட்டியதுபோல டச்சுக்காரர் வீடுகளில் தேசப்படம் மாட்டியிருந்தது. வெர்மீர் என்ற சித்திரக்காரர் தீட்டிய அறைகளைப் பார்த்தால், ஜன்னல் வெளிச்சம் விழுகிற சுவரில் படம் ஒன்று தொங்குகிறது. ஆக, கடலுக்குப் போகிறவனுக்கு ஒரு படம், போகாதவனுக்கு ஒரு படம். நமக்குக் கிடைத்து நாம் மயங்குவது இரண்டாவது.

இந்த மயக்கத்துக்கு வசப்படாத ஒருவரை நன்னிலத்தில் எனக்குத் தெரியும். தொண்ணூறை எட்டிக்கொண்டிருக்கும் பெரியவர். 1980-ல் கர்ணம் உத்தியோகத்தையே அரசாங்கம் எடுத்துவிடும் வரையில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கணக்கு எழுதியவர். என்னிடம் பதினெட்டாம் நூற்றாண்டுச் சோழமண்டலக் கரைப் படம் ஒன்றின் அச்சுப் பிரதி இருக்கிறது. ஒருநாள் அதை அவருக்குக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இதிலே நம்ம ஊரு எங்கே தம்பி?”

“நம்ம ஊர் இல்லீங்க ஐயா. நாகப்பட்டணம் இருக்கு, நாகூர் இருக்கு, காரைக்கால் இருக்கு. உள்ளே திருவாரூர், கும்பகோணம் இருக்கு. நடுவிலே ஒண்ணும் போடலை.”

“ஒண்ணும் போடலையா? கடல்லே இத்தனை மீனைப் போடத் தெரிஞ்சவனுக்கு முடிகொண்டான் ஆத்தைப் போடத் தெரியலியாக்கும்!”

பிறகு படத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, தாம் கணக்கெழுதிய கிராமத்தின் எல்லையைச் சொல்ல ஆரம்பித்தார். வடக்கே இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, கிழக்கே இன்ன களத்துமேட்டுக்கு மேற்கு, அங்கிருந்து அரச மரம், அரச மரத்திலிருந்து மதகு, மதகிலிருந்து மூன்று வயலைச் சுற்றிக்கொண்டு... வாய் சொல்ல, கை ஆகாசத்தில் வளைந்து வளைந்து போயிற்று. காகிதம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கிராமத்தை நான் பார்த்துவிட்டேன்.

அவர் கேட்ட கேள்வி சாமானியமானதல்ல. நன்னிலம் ஒன்றும் நேற்று முளைத்த ஊர் இல்லை. சுந்தரமூர்த்தி சுவாமிகள் பாடிய ஸ்தலம். கோச்செங்கட் சோழன் கட்டிய கோயில் என்று அந்தப் பதிகமே சொல்கிறது. சுற்றிலும் திருப்புகலூர், திருக்கண்ணபுரம், ஸ்ரீவாஞ்சியம். கோயிலும் குளமும் நெல்லுமாக ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஜனங்கள் நெருங்கி வாழ்ந்த பூமி. அதைப் படக்காரர் ஏன் காலியாக விட்டார்?

காரணம், அவருக்குத் தகவல் வந்த வழி. காவேரி மேனாட்டுக்காரர்களுக்குப் புதியதல்ல. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்ஸாண்ட்ரியாவில் இருந்த தாலமி, மாலுமிகளும் வியாபாரிகளும் சொன்னதைக் கேட்டு ‘கபேரோஸ்’ நதியின் முகத்துவாரத்தையும் ‘கபேரிஸ்’ என்ற துறைமுகத்தையும் எழுதி வைத்தார். ‘நிகமா’ என்று அவர் சொல்லும் பட்டணம் நாகப்பட்டினம்தான் என்பது பலருடைய அபிப்பிராயம். ஆயிரத்துச் சொச்சம் வருஷங்கள் கழித்து அச்சு யந்திரம் வந்ததும் அந்தப் பழைய கணக்கையே எடுத்துப் படமாகப் போட்டார்கள். 1482-ல் ஜெர்மனியில் உல்ம் நகரத்தில் அச்சான தாலமியின் படங்கள் மரக்கட்டையில் செதுக்கியவை. கடலுக்கு அழகான நீலம் தீட்டியிருக்கும். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்குவதற்கு 16 வருஷங்களுக்கு முன்பே நம் காவேரி அச்சேறிவிட்டது! ஆனால் நாட்டின் உருவம்? இந்தியாவுக்குக் கன்னியாகுமரி முனையே கிடையாது. மேற்கிலிருந்து கிழக்கே நீட்டிப் படுத்தாற்போல் ஒரு கரை. அதற்குப் பதிலாக இலங்கை பல மடங்கு வீங்கிக் கிடக்கிறது. காது வழியாக வந்த பூகோளம் அப்படித்தான் இருக்கும்.

போர்த்துகீசியர் வந்த பிறகு கரை நேராயிற்று. சோழமண்டலம் என்ற சொல் அவர்கள் நாக்கில் புரண்டு ‘கோரமண்டல்’ ஆயிற்று. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்தார். 1658-ல் டச்சுக்காரர் போர்த்துகீசியரை விரட்டி நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். அந்தப் படையெடுப்போடு வந்த பால்டேயஸ் என்ற பாதிரியார் மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை மூன்றையும் பற்றி 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெரிய சித்திரப் புத்தகம் வெளியிட்டார். 1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. சுமார் இருபது மைல் கரையில் மூன்று ராஜ்யத்துக் கொடிகள். கிடங்கு இருந்த ஊர், துணி கிடைத்த ஊர், கப்பல் நிற்கக்கூடிய ஊர், இவைதான் படத்தில் ஏறின. அந்தப் படங்களைச் சித்திரம் என்பதைவிடக் கடைக்காரரின் பேரேடு என்பது பொருந்தும். நன்னிலத்தில் அவர்களுக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை. ஆகையால் நன்னிலம் இல்லை.

நடுவில் சிலர் கௌரவமாக நடந்துகொண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பூஷே என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் தமிழ்நாட்டின் உட்புறத்தில் அலைந்து திரிந்து ஒரு படம் அனுப்பினார். பாரிஸில் இருந்த தான்வீல் என்ற பூகோள நிபுணர் அதைப் போன்ற நேரில் கண்ட குறிப்புகளை மட்டும் நம்பினார். இவர் ஒரு புரட்சி செய்தார்: 1749-ல் போட்ட ஆப்பிரிக்காப் படத்தில், ஊர் தெரியாத இடத்தில் யானை, சிங்கம் எல்லாவற்றையும் துரத்திவிட்டு வெள்ளைக் காகிதமாகவே விட்டுவிட்டார். 1752-ல் இந்தியாப் படத்தையும் அதே கண்டிப்போடு போட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காக ஒரு மனிதருக்குப் புகழ் வந்ததென்றால் அது இவருக்குத்தான். ஆனால் யோக்கியமான படம் வந்த அன்றைக்கு அழகான படத்துக்கு ஆயுசு முடிய ஆரம்பித்துவிட்டது.

கர்ணப் பெரியவர் கையை ஆட்டிக்கொண்டு எல்லை சொன்னாரே, அந்தக் கலை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அங்கேயும் ஒரு யானை நிற்கிறது. அது படத்து யானை அல்ல, உயிருள்ள பிடி.

நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் கட்டிய சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளிக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற கிராமத்தைக் கொடுத்தான். அந்தச் சாசனம் 21 செப்பேடுகளில் இருக்கிறது. ஹாலந்து தேசத்து லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. கிராமத்தைக் கொடுக்கும்போது அதிகாரிகளும் சுற்றுக் கிராமத்தாரும் கூடினார்கள். ஒரு பெண் யானையை முன்னே நடக்க விட்டு எல்லையைச் சுற்றி வந்தார்கள். அது போன வழியில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். இதற்குப் ‘பிடி சூழ்தல்’ என்று பெயர். செப்பேட்டின் தமிழ்ப் பகுதியைப் படித்தால் நாமும் யானைக்குப் பின்னாலேயே போகலாம்: இந்த வாய்க்காலுக்கு மேற்கு, அந்த வயலின் வரப்புக்குத் தெற்கு, அங்கே வடக்கே திரும்பி, மறுபடி கிழக்கே திரும்பி... தாமிரத் தகட்டில் செதுக்கியதுதான் இதுவும். ஆம்ஸ்டர்டாமில் செதுக்கிய தகட்டில் ஊர் தெரியாத இடத்துக்கு யானையைப் போட்டார்கள். நம்மவர் செதுக்கிய தகட்டில் ஒவ்வொரு வரப்பும் தெரிந்த இடத்தில் யானை நடந்தது. படம் மட்டும்தான் இல்லை.

சோழர் காலத்து அளவை விளையாட்டல்ல. கி.பி. 1001-ஐ ஒட்டி ராஜராஜன் சோழநாடு முழுவதையும் அளக்கச் செய்தான். அளந்த கோலுக்கு ‘உலகளந்த கோல்’ என்று பெயர். 16 சாண் நீளம். வேலி, மா, காணி, முந்திரி, அதற்குக் கீழே கீழ்முந்திரி என்று போய், வேலியை 52,428,800,000 பங்கு போட்டதில் ஒரு பங்கு வரையில் கல்வெட்டுக் கணக்கு இறங்குகிறது. ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். அதை இத்தனை பங்கு போட்டால் எறும்பு உட்காரக்கூட இடம் பற்றாது! கணக்குப் பிள்ளைகளுக்குக் கணக்கின் மேலேயே ஏற்பட்ட காதல் அது. ஆனைமங்கலம் 97 வேலிக்குச் சற்று மேல்; அதிலிருந்து வரவேண்டிய நெல் 8,943 கலத்துக்குச் சற்று மேல். இதை மறைத்துப் பயனில்லை. அத்தனை அக்கறையாக யானையை நடக்க விட்டது அந்த நெல்லுக்காகத்தான்.

நமக்கு ஊரைப் படமாகப் போடத் தெரியாமல் இல்லை. நன்னிலத்திலிருந்து ரயிலில் கொஞ்ச தூரம் போனால் திருவாரூர். அங்கே தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதையைத் தீட்டி வைத்திருக்கிறார்கள். சிங்காதனம் என்ற ஓவியர் தம் பெயரையும் எழுதியிருக்கிறார். கோயில், தெரு, ஊர்வலம், வாணவேடிக்கை, எல்லாவற்றுக்கும் கீழே தமிழில் பெயர். அதில் தூரம், திசை என்று தேடக் கூடாது. தியாகராஜர் எங்கே எழுந்தருளுகிறாரோ அதுதான் நடு. அலங்காரத்துக்கு ஓவியம், அளவுக்கு வார்த்தை என்று நாம் இரண்டையும் தனித்தனியே வைத்துவிட்டோம். ஐரோப்பியர் இரண்டையும் ஒரே தாளில் போட்டுக் கட்டினார்கள். இன்று நம்மை மயக்குவது அந்தச் சேர்க்கைதான் என்று நினைக்கிறேன்.

அந்தச் சேர்க்கை நம் தேசத்தில் கடைசியாக ஒருமுறை ஜொலித்தது ஜேம்ஸ் ரென்னல் படத்தில். வங்காளத்தில் கம்பெனியின் சர்வேயர் ஜெனரலாக இருந்தவர். 1782-ல் அவருடைய ‘ஹிந்துஸ்தான்’ படம் லண்டனில் வெளியாயிற்று. நிலமெல்லாம் கண்டிப்பான கோடுகள், யானைக்கு இடமில்லை. ஆனால் தலைப்பைச் சுற்றி ஒரு சித்திரம் உண்டு. கார்ட்டூஷ் என்று படக்காரர்கள் சொல்வார்கள். அதில் பிரிட்டானியா தேவி நிற்கிறாள். பிராமணர்கள் பயபக்தியோடு சாஸ்திரச் சுவடிகளை அவள் கையில் கொடுக்கிறார்கள். காலடியில் துணிப்பொதி, அளவைக் கருவிகள். ஊர் தெரியாததை மறைக்க முன்பு யானை வந்தது. இந்தச் சித்திரம் மறைக்கிற விஷயம் வேறு. சாஸ்திரத்தை யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்? வரியை யார் வாங்கினார்கள்? அலங்காரப் படத்தை ரசிக்கிறவர்கள் தலைப்புச் சித்திரத்தைச் சற்று நேரம் கூடுதலாகப் பார்ப்பது நல்லது. படக்காரர் உண்மையைச் சொல்லும் இடமும் பொய்யைச் சொல்லும் இடமும் அதுதான்.

பிறகு லாம்டன் வந்தார். வில்லியம் லாம்டன் 1802-ல் சென்னைப் பரங்கிமலைக்குப் பக்கத்தில் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். சீனச் சக்கரவர்த்திக்கு வெகுமதியாகக் கொண்டுபோய், அங்கே சீந்துவாரில்லாமல் திரும்பிய சங்கிலி அது. அந்தக் கோட்டை அடியாக வைத்து முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாகத் தேசம் முழுவதையும் அளப்பது அவர் யோசனை. கோணம் பார்க்க லண்டனில் செய்வித்த தியோடலைட் அரை டன் எடை. வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் கப்பலைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சங்கதி தெரிந்ததும் அங்கிருந்த கவர்னர் கருவியை மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பி வைத்தார். சண்டைக்கு நடுவிலும் இப்படிச் சில நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன.

முக்கோணம் போட உயரமான இடம் வேண்டும். தஞ்சாவூர்ச் சீமையிலே மலைக்கு எங்கே போவது? தட்டையான வயல், பார்த்த இடமெல்லாம் தென்னந்தோப்பு கண்ணை மறைக்கும். லாம்டனுக்கு நம் கோயில் கோபுரங்கள்தான் மலையாயின. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில், 216 அடி என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் அந்த விமானத்தின்மேல், கருவியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். பாதியில் ஒரு கயிறு அறுந்தது. அரை டன் பித்தளை ஊசலாடிப் போய்க் கல்லில் மோதிற்று. வட்டமாக இருக்கவேண்டிய தகடு நெளிந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் தலையில் கையை வைத்துக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார். லாம்டன் ஒரு கூடாரத்துக்குள் ஆறு வாரம் அடைந்து கிடந்து, ஆப்பும் திருகும் கப்பியுமாக இழுத்து இழுத்து அந்த வட்டத்தைப் பழையபடி வட்டமாக்கினார். இந்தக் கதையைச் சரித்திரக்காரர்கள் பிரியத்தோடு சொல்கிறார்கள், சொல்லவேண்டியதுதான். கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் யார், அறுந்தபோது கையில் தோல் உரிந்தவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்பது எழுதப்படவில்லை.

அந்த முக்கோணங்களுக்குள் மற்ற அளவுகள் அடங்கின. 1827 முதல் லண்டனில் செதுக்கி அச்சான ‘இந்தியா அட்லஸ்’ நான்கு மைலை ஓர் அங்குலமாகக் காட்டிற்று. பிறகு ரெவினியூ சர்வே வந்தது. சங்கிலியை இழுத்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்து, கல் நட்டு, எண் கொடுத்து, கிராமத்துக்கு ஒரு படம், வயலுக்கு ஒரு படம் என்று போட்டார்கள். கிராமப் படத்தில் ஒரு மைலுக்குப் பதினாறு அங்குலம். நம் கர்ணப் பெரியவர் காலமெல்லாம் அக்குளில் இடுக்கிக்கொண்டு திரிந்தது இதைத்தான். படத்தின் அழகைக் கேட்காதீர்கள். கறுப்புக் கோடு, சர்வே நம்பர், லிங்க் கணக்கு. அதைக் கூடத்தில் மாட்டினால் பார்க்கிறவர்கள் வீட்டில் ஏதோ பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது என்று நினைப்பார்கள்.

ஆனால் முடிகொண்டான் ஆறு இருக்கிறது. அரச மரம் இருக்கிறது. மதகு இருக்கிறது. உலகத்திலே அந்த ஊரை முழுதாகப் போட்ட படம் அது ஒன்றுதான். அதற்கும் பிறகு ஊர் எந்த ஜில்லாவில் இருக்கிறது என்ற கோடு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. தஞ்சாவூர் ஜில்லாவாக இருந்த நன்னிலம் 1991-ல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போயிற்று, 1997-ல் திருவாரூர் மாவட்டத்துக்கு வந்தது. திண்ணையை விட்டு எழுந்திராமலே மூன்று ஜில்லாக்களில் குடியிருந்தவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு.

“இதிலேயும் எல்லாரும் இல்லே தம்பி” என்றார் பெரியவர், நான் இப்படிச் சிலாகித்தபோது. “வயலுக்கு நம்பர் உண்டு, பட்டாதாருக்குப் பேர் உண்டு. சேத்திலே நின்னவன் பேரு எந்தக் காகிதத்திலே இருந்துது?” அவர் சொன்னது வாஸ்தவம். ஆனைமங்கலத்துச் செப்பேட்டில் அரசன் பெயர் உண்டு, அதிகாரிகள் பெயர் உண்டு, சாட்சிக் கையெழுத்துப் போட்ட கிராமத்தார் பெயர் உண்டு. அந்த 8,943 கலத்தை நட்டு அறுத்தவர் பெயர் இல்லை. தஞ்சாவூர்ச் சாகுபடிதாரருக்கும் பண்ணையாளுக்கும் பாதுகாப்பாக ஒரு சட்டம் 1952-ல்தான் வந்தது. குத்தகைக்கு உழுகிறவர் பெயரையும் பதிவேட்டில் எழுதவேண்டும் என்ற சட்டம் 1969-ல் வந்தது. அந்தப் பெயர்களை எழுதப் போனபோது எந்த வீட்டில் தமக்கு மோர் கொடுத்தார்கள், எந்த வீட்டில் கதவைச் சாத்தினார்கள் என்று அவர் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்.

லாம்டன் கோபுரத்தின்மேல் கயிறு போட்டபோது கீழே அரண்மனையில் இருந்தவரைப் பற்றிச் சொல்லாமல் வந்துவிட்டேன். இரண்டாம் சரபோஜி மன்னர் அப்போது தஞ்சாவூருக்கு ராஜா. ராஜா என்பது மரியாதைக்கு. 1799-ஆம் வருஷத்து உடன்படிக்கையில் நாடு கம்பெனியிடம் போய்விட்டது. கோட்டையும் அதைச் சேர்ந்த கொஞ்சம் இடமும் மிஞ்சின; வருஷத்துக்கு ஒரு லட்சம் வராகனும் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் கிடைத்தன. தம்முடையதாக இருந்த நிலத்தைப் பிறர் அளந்து கொடுக்கும் கணக்கிலிருந்து ஐந்தில் ஒன்று வாங்கிக்கொண்டு அவர் கோட்டைக்குள் இருந்தார்.

அவர் செய்த காரியம் புத்தகம் வாங்கியது. ஐரோப்பாவிலிருந்து கப்பல் கப்பலாக வரவழைத்துத் தம் கையெழுத்தையும் போட்டு வைத்தார். அவற்றோடு அட்லஸ்களும் தேசப்படங்களும் வந்தன. சரஸ்வதி மகாலில் பழைய படங்களின்முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும். ஊர் தெரியாத ஐரோப்பியர் நம் நாட்டின் படத்தைக் கூடத்தில் மாட்டிக்கொண்டு கனவு கண்டது போக, நாட்டை இழந்த நம் ராஜா அவர்களுடைய படங்களை விரித்து வைத்துக்கொண்டு உலகத்தைப் பார்த்திருக்கிறார். எத்தனை ராத்திரி எண்ணெய் விளக்கில் பார்த்தாரோ!

பார்த்ததோடு நிற்கவில்லை. ‘தேவேந்திரக் குறவஞ்சி’ என்று மராத்தியில் ஒரு நாடகம் அவர் இயற்றியதாக இருக்கிறது. குறவஞ்சி என்றால் நமக்குத் தெரியும். குறத்தி வருவாள், தன் மலையின் வளம், தான் நடந்து திரிந்த ஊர்கள் எல்லாம் பாடுவாள், பிறகு கையைப் பார்த்துக் குறி சொல்வாள். இந்தக் குறத்தி மலைவளத்தோடு நிறுத்துவதில்லை. பூமி உருண்டை, கண்டங்கள், ஐரோப்பாவின் தேசங்கள், அவற்றின் பெயர்கள் என்று ராகம் போட்டுக்கொண்டே போகிறாள். சுவரில் மாட்டியதை எல்லாம் வாயால் பாடுகிறாள். ஒரு காணி நிலம் இல்லாதவள், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கோட்டைக்கு வெளியே நிலம் இல்லாத ராஜாவின் சபையில்.